வழிவிடும் வேகம்



வேகமாக வருபவருக்கு மற்றவர் ஒதுங்க வேண்டும் என்பது நம் சாலைகளின் எழுதப்படாத சட்டம். வானத்தில் சட்டம் வேறு. பன்னாட்டு வான்போக்குவரத்து விதிகளின்படி, முந்திச் செல்லும் விமானம்தான் வலப்புறம் விலகிப் போக வேண்டும். முன்னால் மெதுவாகப் போகிறவருக்கே வழியுரிமை. இயந்திர விமானம் கிளைடருக்கு வழிவிட வேண்டும். கிளைடர் பலூனுக்கு வழிவிட வேண்டும். காற்றோடு மிதக்கும் பலூனால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. எளிதாகத் திரும்பக்கூடியவர்தான் இடம் கொடுக்க வேண்டும்.

அதற்காக, வேகமாகப் பறப்பவரைக் கட்டிப்போடுவதும் இல்லை. அமெரிக்காவில் ஆஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் விமானத் திருவிழா நடக்கிறது. அங்கே வரும் சிறிய விமானங்கள் 1,800 அடி உயரத்தில் 90 நாட், அதாவது மணிக்குச் சுமார் 167 கி.மீ. வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். அவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாதவற்றுக்கு 2,300 அடியில், 135 நாட் வேகத்தில் தனி வரிசை உண்டு. கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தைச் சொல்லி அழைப்பார். விமானி பேச வேண்டியதில்லை. இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும்.

இனி ஒரு வேடிக்கை. எஸ்.ஆர்-71 என்ற உளவு விமானத்தின் விமானி பிரையன் ஷூல் சொன்ன நிகழ்ச்சி இது. லாஸ் ஏஞ்சலிஸ் கட்டுப்பாட்டு மையத்திடம் ஒரு சிறிய செஸ்னா விமானி தம் தரைவேகத்தைக் கேட்கிறார். 90 நாட் என்று விடை வருகிறது. அடுத்துக் கேட்ட பீச்கிராப்ட் விமானிக்கு 125. உடனே கடற்படையின் எஃப்-18 போர் விமானியும் கேட்கிறார். வேகம் அவருடைய கருவியிலேயே தெரியும். ஊரார் காதில் விழ வேண்டும் என்றே கேட்டார் என்கிறார் ஷூல். விடை 620. அப்போது ஷூலின் பின்னிருக்கையில் இருந்த வால்டர் வாட்சன், அமைதியாகத் தங்கள் வேகத்தைக் கேட்கிறார். 1,842 நாட்! மணிக்குச் சுமார் 3,400 கி.மீ. தங்கள் கருவி 1,900-ஐ ஒட்டிக் காட்டுவதாக வாட்சன் பணிவோடு சொல்ல, கட்டுப்பாட்டாளரும் சேர்ந்து மகிழ்கிறார். அதன்பின் அந்த அலைவரிசையில் யாரும் வேகம் கேட்கவில்லை.

இந்தச் சிரிப்பு யார்மேல் விழுந்தது? 90 நாட்டில் பறந்தவர்மேல் இல்லை. பெருமை காட்ட வந்தவர்மேல். எதிர்காற்று வீசினால் தரைவேகம் குறையும், எரிபொருள் கணக்கு மாறும். ஆகவே அந்த விடை உண்மையில் தேவைப்பட்டது சிறிய விமானங்களில் இருந்தவர்களுக்குத்தான்.

நம் வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரிந்தே கையுயர்த்தும் மாணவர் உண்டு. தேவைப்பட்டதால் கேட்கும் மாணவரும் உண்டு. மெல்லக் கற்கும் குழந்தை மூன்றாம் முறையாக ஒரு கணக்கைக் கேட்கும்போது வகுப்பு சிரித்தால், நாமும் லேசாகப் புன்னகைத்தால், அந்தக் குழந்தை நான்காம் முறை கேட்காது. கேட்காத குழந்தைக்கு என்ன புரியவில்லை என்பது நமக்கும் தெரியாமலே போகும்.

வகுப்பில் சிரிப்பு வேண்டும். அது யார்மேல் விழுகிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம். விரைந்து கற்பவருக்கு அவருக்குரிய உயரத்தில் வேலை கொடுப்போம். அந்தக் கட்டுப்பாட்டாளர் 90-ஐயும் 620-ஐயும் ஒரே குரலில் சொன்னதாக ஷூல் நினைவுகூர்கிறார். நம் குரலும் அப்படி இருக்கட்டும்.