படியேறிய பின்னும் திறவாத நூல்

(திருவனந்தபுரம் தம்பானூரில் மாணவர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தம்பானூரிலிருந்து சிறிது தொலைவில், பாளையத்தில், 1942இல் தொடங்கப்பட்ட கேரளப் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. இத்தகைய பெருநூலகம் எதனுள்ளும் பார்வையற்ற மாணவர் ஒருவர் நுழைந்தால், அவர் படிப்பதற்கு என்ன இருக்கிறது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க அச்சட்டம் அளித்த ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. அணுகல் தரங்களைப் பரிந்துரையாக விடாது கட்டாயமாக்க வேண்டுமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது.

சாய்தளமும் மின்தூக்கியும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை வாசகரை நூலடுக்கு வரைதான் கொண்டுசேர்க்கும். நூலைத் திறக்க வேறு உழைப்பு தேவை. அதற்குச் சட்டம் தடையன்று. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூல்களை இலாப நோக்கின்றி மாற்றுவடிவில் ஆக்க இடமளிக்கிறது. மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

தமிழுக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்கும் முன்பு, அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு இருந்தது. அந்தக் கோப்புகளைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க இயலாது. ஸ்கேன் செய்த பக்கங்களோ அதற்கு வெறும் படங்கள்.

என் மொழிபெயர்ப்பொன்றைப் பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டார். பெருமையோடு கோப்பை அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில், “தோழர், கணினி ஏதோ ஆங்கில எழுத்துகளை உளறுகிறதே” என்றார். உழைக்கும் மக்கள் அனைவருக்குமென்று நான் மொழிபெயர்த்த நூல், கேட்டு வந்த ஒருவருக்கே மூடிக்கிடந்தது. அதை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்த மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வார உழைப்பைத்தான் நூலகங்கள் நிரந்தரப் பணியாக ஏற்க வேண்டும். தொண்டர்களின் இரக்கத்துக்கு விட்டுவிடலாகாது.

ஆகவே நாம் கோருவன: நூல் வாங்கும்போதே பதிப்பாளரிடம் ஒருங்குறிக் கோப்பையும் பெறுதல், இப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற ஊழியரை நியமித்தல், தனி மூலையில் ஒதுக்காமல், பொது வாசிப்பறையிலேயே இடமளித்தல், நூலகக் குழுவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பிரதிநிதித்துவம்.

இக்கோரிக்கையை அரசிடம் வைக்கும் நாம், நம் வெளியீடுகளிலிருந்தே பணியைத் தொடங்குவோம்.