முதலில் மேடையைப் பார்ப்போம்

முந்திரித் தோப்பிலும் சுரங்க ஷிப்டிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரே, பட்டம் பெறும் செல்வங்களே!

பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்கு நேர்மையைப் போதிப்பது வழக்கம். ஆனால் இது, சூலை நோய் தீர்ந்த அப்பர், கோயிலைத் துப்புரவு செய்ய உழவாரம் ஏந்திய திருவதிகை. துப்புரவை இந்த மேடையிலிருந்தே தொடங்குவதுதான் மரியாதை.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது. பல்கலைக்கழகம் சரிபார்த்தபோது, ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் 189 பேரே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. காகிதத்தில் ஆசிரியர், வகுப்பில் காலி நாற்காலி. அப்படிப்பட்ட கல்லூரி, பிட் அடித்த பையனை எந்த முகத்தோடு தண்டிக்கும்?

சட்டமும் பேராசிரியர்களான எங்கள் பக்கமே சாய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து என்று உறுதியானால், மாணவரின் பதிவே ரத்து. அதே அளவு திருடிய பேராசிரியருக்கு, முதல் முறையென்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுதல், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், புதிய மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க மூன்றாண்டுத் தடை. அவ்வளவுதான். மாணவருக்கு வாழ்க்கை போகிறது, எங்களுக்கு இன்கிரிமென்ட் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அதற்காக மாணவர்களாகிய உங்களை விட்டுவிட மாட்டேன். பக்கத்து மேஜை ரீடிங்கைப் பார்த்து ரெக்கார்டு நோட்டை நிரப்பியவர்கள் இங்கே உண்டு, சிரிப்பதிலேயே தெரிகிறது! இந்தப் பழக்கம் வேலையிலும் தொடர்ந்தால் என்ன ஆகும்? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே தோண்ட முடியும். நாளைக்கு அந்த நீர்மட்டத்தை அளந்து எழுதும் வேலை உங்களில் ஒருவருக்கு வரலாம். அங்கே நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவைத்தால், கீழே வேலை பார்ப்பவர் உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

நேர்மைக்கு இன்னொரு முகமும் உண்டு: பிறர் உதவியைச் சொல்வதால் யாரும் சிறுத்துப் போவதில்லை. சைவரான உ.வே.சாமிநாதையர் 1887இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அவர்களிடம் கற்றதை அவர் மறைக்கவில்லை. இன்றோ மாணவர் எழுதிய கட்டுரையில் ஒரு வரிகூட எழுதாத பெரியவர் பெயர் முதலில் நிற்கிறது.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அந்த 2018 விதிமுறை துறைதோறும் ஒரு நேர்மைக் குழுவைக் கேட்கிறது. அதன் உறுப்பினர் பெயர்களை நாளைக் காலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாணவர் மீது மட்டுமல்ல, பேராசிரியர் மீதும் அங்கே புகார் தரலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.