அழுத்துவதற்கு முன்பே தெரியும் படம்



புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "இதைவிட என் ஃபோன்லயே படம் நல்லா வருதே!" அந்த ஏமாற்றம் நியாயமானது. ஃபோனில் ஒருமுறை தொட்டால் போதும். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, வானத்தைக் கொஞ்சம் அடக்கி, முடித்த படத்தையே கையில் தந்துவிடுகிறது. கேமராவோ அந்த முடிவுகளில் பலவற்றை நம்மிடம் விட்டுவிடுகிறது. அவற்றை எடுக்கப் பழகுவதுதான் புகைப்படக்கலை. அதைப் பழக மிரர்லெஸ் கேமராவுக்கு நிகரான கருவி இதற்கு முன் சாதாரண மக்கள் கைக்கு வந்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். முந்தைய வகையான டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். உள்ளே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி மேலே எழும்பி இறங்கும். கல்யாண மண்டபங்களில் நாம் கேட்டுப் பழகிய 'க்ளக் க்ளக்' சத்தத்தில் பெரும்பங்கு அதனுடையது. கண்ணை வைத்துப் பார்க்கும் அதன் வ்யூஃபைண்டரில் எதிரே இருக்கும் காட்சி தெரியும். படம் இருட்டாக வரப்போகிறதா, வெளுத்துப்போகப் போகிறதா என்பது எடுத்து முடித்த பிறகுதான் தெரியும்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. ஒளி நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் காண்பதை வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரை நமக்குக் காட்டுகிறது. 2008-ல் பானசோனிக் வெளியிட்ட ஜி1 இந்த வகைக்கு வழிதிறந்தது. 2018-ல் நிக்கானும் கேனனும் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தன. இன்று புதிதாகக் கற்பவர்கள் கடைக்குப் போனால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம்? ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இருப்பது வேட்டி என்று கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எந்தக் காட்சியையும் அது நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரவே பார்க்கும். அதனால் வெள்ளை வேட்டி அழுக்கேறியதுபோல மங்கி, அவர்கள் முகங்களும் இருண்டுவிடும். கருங்கல் சிற்பத்தையோ எருமை மாட்டையோ எடுத்தால் தலைகீழாக நடக்கும்: கறுப்பு வெளிறிப்போகும். இதைச் சரிசெய்ய பெரும்பாலான கேமராக்களில் பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு பட்டனோ சக்கரமோ இருக்கிறது. வேட்டிக்குக் கொஞ்சம் பிளஸ் பக்கம், எருமைக்குக் கொஞ்சம் மைனஸ் பக்கம் திருப்ப வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் பாட்டியின் முகம் கறுத்துத் தெரிந்தாலும் பிளஸ்தான். மிரர்லெஸ்ஸில் அதைத் திருப்பத் திருப்ப, வ்யூஃபைண்டருக்குள் வேட்டி வெளுப்பதும் முகம் தெளிவதும் அப்போதே தெரிகிறது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் பிடிபடாத விஷயம், கண்ணெதிரே ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. சில கேமராக்களில் இந்த வசதியை மெனுவில் அணைத்துவைக்க முடியும். சக்கரத்தைத் திருப்பியும் திரையில் மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். உச்சிவெயிலில் பின்பக்கத் திரையை நம்பாதீர்கள். கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தே பாருங்கள்.

கேமராவின் மேலே இருக்கும் வட்டச் சக்கரத்தை எதில் வைப்பது? பச்சை நிற ஆட்டோவிலும் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கும் 'எம்'மில் எடுத்த எடுப்பிலேயே வைக்கவும் வேண்டாம். 'ஏ' என்ற எழுத்தில் வையுங்கள். கேனனில் அது 'ஏவி' என்றிருக்கும். இதில் அப்பர்ச்சரை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளை. நம் கண்ணின் பாவை இருட்டில் விரிந்து வெயிலில் சுருங்குவதுபோலத்தான். எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. 1.8-ல் ஒளி நிறைய வரும், முகத்துக்குப் பின்னால் இருப்பவை கலங்கி மறையும். 8-ல் முன்னும் பின்னும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அப்பர்ச்சரைத் திருப்பும்போது ஷட்டர் வேகத்தையும் ஓரக்கண்ணால் பாருங்கள். ஓடுகிற குழந்தைக்கு நொடியில் 500-ல் ஒரு பங்காவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போலத் தெரிந்தால் தெரியட்டும். ஆடிப்போன படத்தைவிட மணல் மணலான படம் எவ்வளவோ மேல்.

நம் ஊர் வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பழைய ட்யூப் லைட்டும் பல மலிவு எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி மிளிர்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரியும். சத்தம் வரக் கூடாது என்று எலெக்ட்ரானிக் ஷட்டரில் வைத்து எடுத்தால், படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழலாம். கேமரா பழுது என்று பயந்துபோய் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகம் 100-ல் ஒரு பங்கோ 50-ல் ஒரு பங்கோ வரும்படி அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன். மாற்றிக்கொள்ளும் லென்ஸ் என்பதே இந்தக் கேமராவின் பெருமை. ஆனால் தொடக்கத்தில் மாற்றவே வேண்டாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஹென்ரி கார்த்தியே-பிரேசோன் என்ற பிரெஞ்சுக்காரர், 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது சின்ன லைகா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும்தான். அந்த லைகாவிலும் லென்ஸைக் கழற்றி மாற்றலாம், அதிலும் கண்ணாடி கிடையாது. வசதி இருந்தும் அவர் பெரும்பாலும் ஒரே லென்ஸோடு நின்றார். அதனால் எவ்வளவு தூரத்தில் நின்றால் படத்துக்குள் என்னென்ன வரும் என்பது கேமராவைத் தூக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் கேமராவோடு வந்த கிட் லென்ஸிலேயே இதைச் செய்யலாம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் ஜூம் வளையத்தை 35-ல் நிறுத்துங்கள். ஏறக்குறைய அவர் பார்த்த அதே கோணம் உங்களுக்கும் கிடைக்கும். பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். நெருக்கம் வேண்டுமென்றால் இரண்டடி முன்னால் போங்கள்.

கையில் பணம் இருந்தால் கூடுதல் பேட்டரி ஒன்று வாங்குங்கள். திரை எப்போதும் எரிவதால் இந்தக் கேமராக்கள் சார்ஜை விரைவில் தின்றுவிடும். காற்றுப்புகாத டப்பா ஒன்றும், ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், அலமாரியில் மூடிக் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். நீல நிற சிலிக்கா ஜெல் ரோஸ் நிறமானால் அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். லென்ஸைக் கழற்ற நேர்ந்தால் கேமராவை அணைத்து, லென்ஸ் பொருந்தும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக் கழற்றுங்கள். முன்னால் கண்ணாடி இல்லாததால் பெரும்பாலான மாடல்களில் சென்சார் திறந்தே கிடக்கும். அதில் தூசி விழுந்தால் வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுபந்து கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாவது லென்ஸ் வேண்டுமா என்ற கேள்விக்கு உங்கள் படங்களே ஒருநாள் பதில் சொல்லும். தூரத்துப் பறவைக்காகவோ, இருட்டு அறையில் இருக்கும் ஒரு முகத்துக்காகவோ கையில் இருக்கும் லென்ஸ் திரும்பத் திரும்பப் போதாமல் போனால், அப்போது வாங்குங்கள். அதுவரை அந்தப் பணத்தில் நீங்கள் எடுத்த நல்ல படங்களை பிரிண்ட் போட்டு, அந்தப் படங்களில் இருக்கும் மனிதர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.