சான்றோடு பேசுவோம்



நம் பிள்ளைகள் இன்று தரவுத்தளச் சேவையகங்களைப் பராமரிக்கும் பணிகளில் அமர்கின்றனர். அங்கே அவர்கள் அடிக்கடி சந்திக்கும் வினா, "தாமதம் ஏன்? பொறுப்பு யார்?" என்பது. கையில் சான்று இல்லாதவர்மீது பழி எளிதில் விழும் என்பதை நம் சமுதாயம் நன்கு அறியும். ஆகவே, சான்று சேர்க்கும் முறை ஒன்றை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எக்ஸ்டெண்டட் ஈவன்ட்ஸ்' என்னும் கண்காணிப்பு அமைப்பு அறிமுகமாயிற்று. முன்பு பெரிதும் பயன்பட்ட 'புரொஃபைலர்' சேவையகத்திற்கு அதிகச் சுமை தரக்கூடியது. புதிய அமைப்போ இலகுவானது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 'மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ' திரையிலேயே இதனை அமைக்க இயலும்.

மாணவர் உதவித்தொகை விண்ணப்பங்களை ஏற்கும் சேவையகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடைசி நாளன்று அது தடுமாறுகிறது. நள்ளிரவுக்குள் சீராகாவிடில் ஓர் ஏழை மாணவியின் படிப்பே கேள்விக்குறியாகும். அங்கே ஊகம் உதவாது. ஒரு கண்காணிப்பு அமர்வைத் தொடங்க வேண்டும்.

அதற்கு நான்கு முடிவுகள் தேவை. முதலாவது, எந்த நிகழ்வைப் பதிவது? கட்டளைத் தொகுதி முடிவுற்றதைக் குறிக்கும் நிகழ்வையும், செயலிகளிலிருந்து வரும் அழைப்பு முடிவுற்றதைக் குறிக்கும் நிகழ்வையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது, அதனோடு எவ்விவரங்களைச் சேர்ப்பது? தரவுத்தளத்தின் பெயர், அழைத்த கணினியின் பெயர் ஆகியவை போதும். மூன்றாவது, எவற்றை மட்டும் பதிவது? ஐந்து விநாடிக்கு மேற்பட்டவற்றை மட்டும் என வடிகட்டலாம். இந்நிகழ்வுகளில் கால அளவு மைக்ரோ விநாடியில் குறிக்கப்படுவதால் 50,00,000 என்று எழுத வேண்டும். நான்காவது, எங்கே சேமிப்பது? நினைவகத்தில் வைத்தால் அமர்வு நின்றதும் மறையும். வட்டில் கோப்பாக வைத்தால் நிலைத்து நிற்கும்.

அமர்வை உருவாக்கினால் மட்டும் போதாது, தொடங்கவும் வேண்டும். பதிவுகள் கோப்பைச் சென்றடைய, இயல்பான அமைப்பில் 30 விநாடி வரை ஆகலாம். எதுவும் வரவில்லையென அதற்குள் மனம் தளர வேண்டா. ஒரு நிகழ்வும் தவறக் கூடாதென்று கட்டாயப்படுத்தும் விருப்பமும் உண்டு. அது பயனாளரின் வேலையையே காக்க வைக்கக்கூடும்; அதனைத் தவிர்ப்பது நலம்.

பின்னர் அக்கோப்பை மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் திறந்து, பதிவுகளைத் தரவுத்தளவாரியாகவும் கணினிவாரியாகவும் குழுவாக்கி, கால அளவைக் கூட்டிப் பாருங்கள். சுமை எங்கிருந்து வருகிறதென்று எண்களே சொல்லும்.

'சிஸ்டம் ஹெல்த்' என்னும் அமர்வு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இரு பணிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு முடங்கும் 'டெட்லாக்' நிலையையும் அது பதிகின்றது. பழைய பதிவுகள் நாளடைவில் அழிக்கப்படும் ஆதலால், நேற்றைய முடக்கத்தின் காரணத்தை இன்றே அங்குத் தேடுவது நன்று.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பதிவாகும் கட்டளைகளுக்குள் மாணவரின் பெயர், சாதிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு முதலியன அடங்கியிருக்கலாம். நம் சாதியைப் பிறர் ஏட்டில் படித்தறிவதன் வலி நமக்குத் தெரியும். எனவே தேவையானதை மட்டும் பதியுங்கள். உரியவர் மட்டுமே அக்கோப்பைத் திறக்கச் செய்யுங்கள். பணி முடிந்ததும் அமர்வை நிறுத்தி, தேவையற்ற கோப்பை அழித்துவிடுங்கள்.

இளைஞர்களே! கற்பதற்கும் சோதிப்பதற்கும் உரிய 'டெவலப்பர்' பதிப்பு இலவசமாகவே கிடைக்கின்றது. அதனை நிறுவிப் பழகுங்கள். கற்றவர் கல்லாதவரை அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுங்கள். அலுவலகத்தில் வினா எழும்போது, குரலை உயர்த்தாது, தலையையும் தாழ்த்தாது, சான்றை எடுத்து வையுங்கள்.