வழக்கும் விதியும்

(உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் நிகழ்த்திய உரை)



இலக்கணம் என்பது மக்கள் பேசும் மொழியை உள்ளவாறு எடுத்துரைப்பதா, அன்றி இவ்வாறே பேசுதல் வேண்டுமென ஆணையிடுவதா? இவ்வினா புலவர்க்கு மாத்திரம் உரியதெனக் கருதிவிடாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறும் உழவனையும், காணி உறுதியில் ஒப்பமிடும் தாயையும் அது தொடுகின்றது.

தமிழில் மக்கள் வழங்குவதும் வழக்கு. நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. உலக வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் நூல் செய்தார் என அதன் பாயிரம் கூறுகின்றது. நூலுக்கு முன்னரே வழக்கு இருந்தது. 'இல்முன்' என்பது மக்கள் நாவிலே 'முன்றில்' எனத் தலைமாறியபோது, இலக்கணகாரர் அதனைத் தள்ளினரா? 'இலக்கணப் போலி' எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். பழஞ்சொற்கள் வழக்கொழிவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என நன்னூலின் இறுதியிலே பவணந்தி முனிவரும் இடங்கொடுத்தார்.

சட்டத்தின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்து மக்களின் வழமைகளை 1706 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டனர். உள்ளதை உரைத்த அந்தத் தேசவழமை, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டவலு எய்தியது. வாழ்க்கை மாறவே, 1911 இலும் 1947 இலும் சட்டமும் மாற்றப்பட்டது. வழக்கு விதியாயிற்று, வழக்கு மாற, விதியும் மாறிற்று.

இனி நம் பேச்சைப் பாருங்கள். 'உது', 'உவன்' என்று நாம் சொன்னால் நகைப்பாருளர். ஆயின் அகர இகரங்களுடன் உகரத்தையும் சுட்டெனக் கூறுவது தொல்காப்பியம். தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன அச்சுட்டு நம் வயல்வரம்பிலே உயிரோடிருக்கின்றது. நாணத்தக்கது யாது?

'அவை வந்தவை' என்கிறான் நம் உழவன். அவன் கருதியது மனிதரை. நூலிலக்கணப்படி 'அவை' அஃறிணைப் பன்மை. வேலி பிரித்து வயலுள் நுழைந்தோரைப் பற்றி அவன் சாட்சி சொல்லும்போது, மாடுகள் வந்தன எனப் பதிவாகுமாயின், அவன் வழக்கு என்னாவது? அவன் பேச்சைத் திணைவழு என்று திருத்த முற்படுமுன், அவன் சொன்னது யாதென அறிதல் நீதியின் முதற்கடமை.

அங்ஙனமாயின் விதியே வேண்டாவோ? வேண்டும். 'பரப்பு' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரகுப் பரப்பு 16 கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் 24 வேண்டும். எந்தப் பரப்பென்று உறுதியில் வரையறுத்து எழுதாவிடின், வாங்கியவன் மூன்றிலொரு பங்கை இழத்தல் கூடும். யாழ்ப்பாணத்தான் எழுதியதை மட்டக்களப்பானும் மலைநாட்டானும் ஐயமின்றி உணர்தற்குப் பொதுநடை ஒன்று இன்றியமையாதது. எழுத்துக்கு வரம்பு வேண்டும். நீர் பாய்வதற்கே வரம்பு, நீரைத் தடுத்து வயலைக் காயவிடுதற்கன்று.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, பொதுநடையைக் குறைவறக் கற்பியுங்கள். ஆனால் தாய் தந்த சொல்லுக்காகப் பிள்ளையை எள்ளாதீர்கள். கமக்காரப் பெரியோரே, துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் கொண்டுவிட்டது. ஆடுகால், துலாக்கொடி, பட்டை என்னும் சொற்கள் உங்களுடன் மறைந்துபோக விடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்; அவர்கள் எழுதி வைக்கட்டும். ஊர்தோறும் ஒரு கொப்பி போதும். பதிவில்லாத உரிமையை மன்றிலே நிறுவுதல் எவ்வளவு அரிதென்பதை நானறிவேன். பதிவில்லாத சொல்லின் நிலையும் அதுவே.