காரின் ஆயுள் யார் கையில்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பழைய கார் சொத்தா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் சுமை என்றார். இந்த மாதம் ரேடியேட்டர், அடுத்த மாதம் ஆல்டர்னேட்டர், அதற்கடுத்த மாதம் கியர்பாக்ஸ் என்று பட்டியல் போட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படிப்பட்ட கார்கள் நம் தாமான்களில் தெருவுக்கு ஒன்று நிற்கின்றன. ஆனால் அந்தக் கார்கள் வயதானதால் கெட்டவையா, கவனிக்காததால் கெட்டவையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்கள் முதுமையால் சாவதில்லை. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வார்த்தையால்தான் சாகின்றன.

உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இர்வ் கோர்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-ஆம் ஆண்டு சிவப்பு நிற வோல்வோ 1800எஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். 2018-இல் அவர் காலமாகும் வரை, 52 ஆண்டுகள், அதே காரைத்தான் ஓட்டினார். 1998-இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தார். 2013-இல் அலாஸ்காவில் 30 லட்சமாவது மைலைத் தொட்டார். கடைசியில் அந்தக் கார் ஓடியிருந்தது 32 லட்சம் மைலுக்கும் மேல். நம் கணக்கில் 51 லட்சம் கிலோமீட்டர். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல 13 மடங்கு!

அவர் என்ன மந்திரம் செய்தார்? ஒன்றும் இல்லை. காருடன் வந்த கையேட்டில் என்ன எழுதியிருந்ததோ, அதை எழுதியிருந்த நாளில் செய்தார். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எஞ்சின் எண்ணெயை மாற்றினார். 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் அந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டி வந்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் நாள்தோறும் நீண்ட தூரம், சீரான வேகத்தில் ஓட்டியவர். சூடேறிய எஞ்சின் நிற்காமல் ஓடினால் தேய்மானம் குறைவு. நம்மில் பலர் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், சந்தைக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறோம். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயில் கலக்கிறது. ஆகவே குறைவாக ஓடிய கார் என்பதால் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கிலோமீட்டர் வராவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

சாகாவும் கஞ்சிலும்

வோல்வோ கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டுக்கே வருகிறேன். முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. பெரோடுவா கஞ்சில் 1994 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்டது. இவற்றைச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆனால் நீண்ட காலம் வைத்திருக்க இவற்றைப் போல் வசதியான கார்கள் குறைவு. காரணம் எளிது. லட்சக்கணக்கில் விற்ற கார்கள், உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும், அதைக் கழற்றத் தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் உண்டு. விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரைப் பழையதாக மலிவில் வாங்கிவிட்டு, ஒரு மின்னணுப் பெட்டிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

இப்போது பணக் கணக்கு. நம் நாட்டில் கார்க் கடனை 9 ஆண்டு வரை கட்டலாம். மாதம் 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 108 மாதத்தில் 64,800 ரிங்கிட். பழைய காருக்குத் தவணை இல்லை. ஆனால் அந்த 600 ரிங்கிட் முழுவதும் மிச்சம் என்று நினைப்பதில்தான் நாம் சறுக்குகிறோம். அதில் 150 ரிங்கிட்டை மாதந்தோறும் காருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 1,800 ரிங்கிட் சேரும். எண்ணெய், டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் அதற்குள் பெரும்பாலும் அடங்கும். கார் கேட்கும்போது பணம் தேடுகிறவருக்குப் பழைய கார் சுமை. கேட்பதற்கு முன்பே ஒதுக்கி வைத்தவருக்கு அது சொத்து.

நகத்தால் கிள்ள வேண்டியது

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரியால் வெட்டும்படி விட்டுவிடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். காருக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை.

முதலாவது, எண்ணெய். பழைய எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும். அது குற்றமில்லை. குடித்ததை ஈடுசெய்யாமல் ஓட்டுவதுதான் குற்றம். வாரம் ஒரு முறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. எண்ணெய் விளக்கு எரியும் வரை காத்திருந்தால், அது எரியும்போது உள்ளே சேதம் தொடங்கிவிட்டிருக்கும்.

இரண்டாவது, சூடு. எஞ்சினைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். கூலண்ட் என்பது வெறும் நிறத் தண்ணீர் அல்ல. துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் உண்டு. இன்னொரு வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. "இது வெயில் நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் தனக்குரிய சூட்டில் வேலை செய்தால்தான் எண்ணெய் நன்றாகப் பரவும்; பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நோயைத் தீர்ப்பதாகாது. கெட்டுப் போயிருந்தால் புதியதைப் போடுங்கள். அதன் விலை ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவைத் தாண்டாது. ஓட்டும்போது வெப்ப முள் ஏறினால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். அந்த ஐந்து கிலோமீட்டர் பிடிவாதத்தில்தான் சிலிண்டர் தலை வளைகிறது.

மூன்றாவது, டைமிங் பெல்ட். பழைய சாகா, வீரா போன்ற கார்களில் இது ரப்பர் பெல்ட். பொதுவாக 80,000 முதல் 1 லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். இந்தப் பெல்ட் முன்னறிவிப்பு கொடுக்காது. நெடுஞ்சாலையில் வலது தடத்தில் போகும்போது அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உள்ளே நொறுங்கும். பழைய காரை வாங்குகிறவர்கள், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள்.

நான்காவது, துரு. எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. கதவின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அரிக்கும். மழையில் நனைந்த தரைவிரிப்பை அப்படியே விட்டால் தரைத் தகடு அரிக்கும். வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2021 டிசம்பரில் ஷா ஆலமிலும் கிள்ளானிலும் கார்கள் கூரை வரை மூழ்கியதைப் பார்த்தோம். நீரில் மூழ்கிய காரை ஓடுகிறதா என்று முடுக்கிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு முடுக்கிலேயே எஞ்சின் உடையும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

2009-ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். 15 ஆண்டைத் தாண்டிய கார்கள் சாலை வரியைப் புதுப்பிக்க வேண்டுமானால் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அவ்வாண்டு அரசாங்கம் அறிவித்தது. மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதே ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியோடு ஒரு பொறுப்பும் நம் வீட்டுக்கு வந்தது. பரிசோதகர் வேண்டாம் என்றோம். அப்படியானால் பரிசோதகர் நாம்தான்.

அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1990 முதல் காருக்கு உரிமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. 10 ஆண்டு முடிந்தால் மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் பதிவு நீங்கிவிடும். அங்கே காரின் ஆயுளைப் பெரும்பாலும் சட்டம் தீர்மானிக்கிறது. இங்கே நாம் தீர்மானிக்கிறோம்.

அப்படியானால் என்ன பார்க்க வேண்டும்? பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், ஈரம் கலந்த அந்த எண்ணெய் சூட்டில் கொதிக்கும். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ தேயவில்லை என்பதற்காக டயர் இளமையாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வெயிலில் ரப்பர் வெடித்துப் போகும். தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ அம்மா, அப்பா, பிள்ளைகள் என ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் புறப்படுமுன் இதைப் பாருங்கள். 2009 ஜனவரி முதல் பின் இருக்கையிலும் இருக்கை வார் அணிவது கட்டாயம். உங்கள் பழைய காரில் அந்த வார் இழுத்தால் பூட்டுகிறதா? சோதித்துப் பாருங்கள். அக்காலக் கார்கள் பலவற்றில் காற்றுப் பை கிடையாது. எவ்வளவு பராமரித்தாலும் இல்லாததை வரவழைக்க முடியாது. எனவே பழைய காரில் வேகம் வேண்டாம்.

பத்துக் காசு நோட்டு

கடைசியாக ஒரு சின்ன யோசனை. காருக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், கொடுத்த பணம் இந்த நான்கையும் எழுதுங்கள். பட்டறைக்குப் போனால் அதைக் காட்டிப் பேசுங்கள். "அண்ணே, போன பிப்ரவரியில்தானே வாட்டர் பம்ப் மாற்றினோம், ஏன் மறுபடி ஒழுகுகிறது?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் எந்த மெக்கானிக்கும் கவனமாகவே வேலை செய்வார். நல்ல மெக்கானிக் கிடைத்தால் நாலு ரிங்கிட் மலிவு என்று வேறு பட்டறைக்கு ஓடாதீர்கள். குடும்ப மருத்துவருக்கு நம் உடம்பு தெரிவதுபோல, அவருக்கு உங்கள் காரின் உடம்பு தெரியும்.

எப்போது விடைகொடுப்பது என்றும் கேட்பார்கள். எஞ்சின் போனால் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம். கிரீஸ் நாட்டில் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்ற டாக்சி ஓட்டுநர், எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்தியே தம் 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் அது மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் சட்டமும், இருக்கை வார் பிடித்திருக்கும் இடமும் துருவில் உதிர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு பாசம் காட்டக் கூடாது. அந்தக் காரை விற்காதீர்கள். இன்னொரு குடும்பம் அதில் ஏறும். கழிவுக்கே கொடுத்துவிடுங்கள்.

நேயர்களே, பழைய கார் வைத்திருப்பது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல. கடனில்லாமல் ஓடும் கார் ஒரு குடும்பத்தின் நிம்மதி. அந்த நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை, வாரத்தில் ஐந்து நிமிடமும் மாதத்தில் நூற்றைம்பது ரிங்கிட்டும்தான். நாளை காலை காரை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.