முதல் பக்கம் கெடட்டும்!

(தலைப்பு: ‘கலை வளர்வது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற கவனத்தாலா? குறையோடும் செய்து பார்க்கும் துணிவாலா?’ – துணிவே என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனியிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கிற அருப்புக்கோட்டைப் பெருமக்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணை எங்கள் மீதும் வைத்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தம்பி ஒரு குண்டு போட்டுவிட்டுப் போனார். “இது நெசவாளர் ஊர். ஒரு இழை தப்பினாலும் சேலையில் குறை விழும், கூலியில் பிடிப்பார்கள். இங்கே வந்தா குறை இருந்தால் பரவாயில்லை என்று பேசுவீர்கள்?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, எங்க தாய்மாமன் தறிக்காரர். பாவில் இழை அறுந்தால் என்ன செய்வார் தெரியுமா? அறுந்ததை முடிந்துவிட்டு அடுத்த ஊடையை ஓட்டுவார். ‘அய்யோ, அறுந்துபோச்சே’ன்னு தறியை விட்டு எழுந்து போனால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது! (கைதட்டல்) அது மட்டுமல்ல, சேலை விற்பனைக்குப் போவது. அதில் செம்மை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், படம் பழகுகிற நோட்டை யார் விலைக்குக் கேட்டார்கள்? சேலைக்கு உரிய சட்டத்தை நோட்டுக்குப் போடலாமா? அதுதான் நடுவர் அவர்களே, நான் வைக்கிற வழக்கு.

எங்க ஊர் திருச்சுழி. குண்டாற்றங்கரை. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். மழைக்குத்தான் பஞ்சம், சீமைக் கருவேல மரத்துக்கும் கரிமூட்டத்துக்கும் பஞ்சமே கிடையாது. வண்டியிலிருந்து சிந்திய கரித்துண்டை எடுத்து, பார்த்த சுவரில் எல்லாம் ஆடு, மாடு, மயில் என்று கிறுக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அடிதான் விழுந்தது, பயம் விழவில்லை.

பத்து வயதில் அப்பா அருப்புக்கோட்டைக்கு வந்தவர், ஒரு டிராயிங் நோட்டு வாங்கிவந்தார். வெள்ளைவெளேரென்ற கனத்த தாள். அன்றைக்குப் பிடித்தது சனி! ‘இவ்வளவு நல்ல நோட்டில் கண்டதை வரையலாமா?’ என்று கை நடுங்கியது. துணிந்து ஒரு மாடு வரைந்தேன். வகுப்பில் ஒரு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, “இது மாடா, மேசையா?” என்றார். வகுப்பே சிரித்தது. அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்ததையும் கிழித்தேன். பிறகு நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ‘நன்றாக வரையக் கற்றுக்கொண்டு, அப்புறம் அப்பத்தா முகத்தை வரைவேன்’ என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஒரு வேடிக்கை. அதே வீட்டில், அதே கையால், இன்னொரு நோட்டை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் கோல நோட்டு! பழைய கணக்கு நோட்டின் மிச்சப் பக்கம். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8-ல் நிறுத்து. சிக்கு விழும், அடிப்பேன்; பக்கத்திலேயே மறுபடி போடுவேன். ஒரு தாளைக் கிழித்ததில்லை. காரணம்? விடிந்தால் வாசலில் போடுகிற கோலத்தையே பால்காரர் சைக்கிள் அழித்துவிட்டுப் போகும். நாளைக்கு வேறு கோலம். அழியப் போவதற்குப் பயம் ஏது?

தாய்மார்களே, ‘எனக்குப் படம் வரைய வராது’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் எல்லோரும் நோட்டுப் போட்ட ஓவியர்கள்! (பலத்த கைதட்டல்) ஔவைப் பாட்டிகூட ஓவியத்தைப் பழக்கத்தின் கணக்கில்தான் எழுதினாள், பயத்தின் கணக்கில் எழுதவில்லை.

“மேதைகள் குறையில்லாமல் வரைந்தார்களே” என்கிறது எதிரணி. லியனார்டோ டா வின்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஓவியங்கள் என்று பெரும்பாலோர் ஏற்பவை இருபதை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கிடைத்திருக்கும் அவருடைய குறிப்பேட்டுப் பக்கங்கள் 7,000-க்கு மேல். அதில் குதிரையும் உண்டு, ஓடும் தண்ணீரும் உண்டு, வீட்டுச் செலவுக் கணக்கும் உண்டு!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கரிசல் மண்ணுக்கு வாருங்கள். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ க்குக் கோடு போட்டவர் ஓவியர் ஆதிமூலம். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் காந்தியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இளைஞராக, வழக்கறிஞராக, கிழவராக என்று வரிசையாகக் கோட்டோவியங்கள். ஒரே படத்தில் முழு காந்தியைப் பிடித்துவிட வேண்டும் என்று காத்திருந்தால் அந்த வரிசை பிறந்திருக்குமா?

நடுவர் அவர்களே, என் வாய்தா என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பத்தா போய்விட்டார். அவருக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. பெட்டியைத் திறந்தேன். அந்த டிராயிங் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. குறை ஒன்றுகூட இல்லை. அப்பத்தாவும் இல்லை. (அமைதி)

அடியில் கோல நோட்டு கிடந்தது. புரட்டினேன். நடுவில் ஒரு பக்கம், கோடெல்லாம் நடுங்கி, புள்ளி இரண்டு விட்டுப்போய், ஒரு தாமரை. “கொண்டாடி, நானும் ஒண்ணு போடுறேன்” என்று கண் தெரியாத காலத்தில் அப்பத்தா போட்டது. இன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் இருக்கிறார் என்றால் அந்தக் கோணல் தாமரையில்தான் இருக்கிறார். அந்த நோட்டை டிராயிங் நோட்டு போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காதே!

அதனால் பெற்றோர்களே, பிள்ளைக்கு நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தில் நீங்களே ஒரு கிறுக்கல் போட்டுக் கொடுங்கள். ரப்பரைக் கையில் கொடுக்காதீர்கள். தாளைக் கிழிக்க விடாதீர்கள். கீழே தேதி மட்டும் எழுதச் சொல்லுங்கள். உலை கொதிக்கிற நேரம் போதும், ஒரு படத்துக்கு. ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால், பழைய கோணல்தான் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஐம்பது வயதுக்கு மேல் நானும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மாடு. இன்னமும் மேசை மாதிரிதான் இருக்கிறது. (சிரிப்பு) ஆனால் இந்த முறை கிழிக்கவில்லை!

குறையோடும் செய்து பார்க்கும் துணிவே கலையை வளர்க்கும் என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.